உறையில் வந்த உறுதி

2015 செப்டம்பர் தொடக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் அப்போதுதான் காலெடுத்து வைத்திருந்த பல நூறு மாணவர்களின் வீட்டுக்குத் தபாலில் ஒரு பெரிய உறை வந்தது. விளம்பரத் தபால்களோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே அளவிலும் நிறத்திலும் எடுப்பாகச் செய்யப்பட்ட உறை. அனுப்பியது ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகம். உள்ளே பல்கலைக்கழகத் தலைவர் பெயரில் ஒரு கடிதம். அதன் சாரம் இதுதான்: எங்களிடம் விண்ணப்பியுங்கள், இடம் கிடைத்துவிட்டால் நான்கு ஆண்டுகளுக்கும் கல்விக் கட்டணம் கிடையாது.

உறை பெற்றவர்கள் எல்லோரும் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள். எல்லோரும் நன்றாகப் படிப்பவர்கள். ஹெயில் உதவித்தொகை என்று பெயரிடப்பட்ட இந்த முயற்சி, பல்கலைக்கழகங்கள் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் போகும் வேலையில் எது பலிக்கும், எது பலிக்காது என்பதைத் தெளிவாகக் காட்டிய மிகச் சில நிகழ்வுகளில் ஒன்று. அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றக் காரணம் உண்டு. இத்துறையில் நடக்கும் பெரும்பாலான வேலை ஊக்க உரைகளாலும் வளாகச் சுற்றுலாக்களாலும் ஆனது. பிள்ளைகளிடம் ஆசை குறைவு, அதை ஏற்றிவிட்டால் போதும் என்பது அவற்றின் அடியில் கிடக்கும் எண்ணம். மிச்சிகன் உறையில் ஊக்க உரைக்குப் பெரிய இடம் இல்லை. அதில் இருந்தது ஒரு வாக்கு.

பல்கலைக்கழகமும் அதன் வாசலும்

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1817-இல் தொடங்கப்பட்டது. அரசுப் பல்கலைக்கழகம், மாநிலத்திலேயே இடம் கிடைக்க மிகக் கடினமானதும் அதுவே. அரசுப் பல்கலைக்கழகம் என்றதும் எளியவர்களுக்கு உரியது என்று நினைத்துவிட வேண்டாம். ராஜ் செட்டி முதலிய பொருளியலாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே படிக்கும் மாணவர்களின் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,54,000 டாலர். அதே காலத்தில் மாநிலத்தில் நடுவில் நின்ற குடும்பத்தின் வருமானம் ஏறத்தாழ 50,000 டாலர். மாநில மக்களின் வரிப்பணத்தில் வளர்ந்த கல்விக்கூடத்துக்குள், மாநில மக்களின் சராசரியைப் போல மூன்று மடங்கு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்.

இனத்தைக் கணக்கில் எடுத்துச் சேர்க்கை நடத்தும் வழியும் அடைபட்டிருந்தது. 2006-இல் மாநில மக்கள் வாக்கெடுப்பில் அதைத் தடை செய்தார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றது. மீதமிருந்தது வருமானம் என்ற அளவுகோல்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவர் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால், ஹெயிலுக்கு முன்பும் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. கூட்டரசின் நிதியும் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியும் சேர்ந்து அதை ஈடுகட்டிவிடும். ஆனால் அந்தச் செய்தி பிள்ளைக்குத் தெரியவருவது எப்போது? முதலில் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு பெற்றோரின் வருமானம், வரி, சேமிப்பு எல்லாவற்றையும் கேட்கும், அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்டிருந்த கூட்டரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்கு மேல் பல்கலைக்கழகம் கேட்கும் இன்னொரு படிவம். இடம் கிடைத்த பிறகு, வசந்த காலத்தில், உதவி எவ்வளவு என்று கடிதம் வரும். விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இலையுதிர் காலத்தில் கண்ணில் படுவது இணையத்தில் போட்டிருக்கும் கட்டணம் மட்டுமே: அப்போது ஆண்டுக்குச் சுமார் 14,000 டாலர், உணவும் தங்குமிடமும் தனி.

விலைப்பட்டியலைப் பார்த்ததும் கடைக்குள் நுழையாமலே திரும்பிப் போகிறவரிடம், உள்ளே வந்திருந்தால் இலவசமாகக் கொடுத்திருப்போமே என்று சொல்லி என்ன பயன்?

வழிகாட்டப் பள்ளிகளில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள் அல்லவா என்று கேட்கலாம். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. அந்த ஆண்டுகளில் மிச்சிகனில் ஒருவரின் தலையில் எழுநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள்.

மதிய உணவுப் பட்டியலும் மதிப்பெண் பட்டியலும்

எந்தப் பல்கலைக்கழகமும் முதலில் தடுமாறும் இடம் இது: யாரைத் தேடுவது? வழக்கமாக, ஏற்கெனவே பழக்கமான சில பள்ளிகளுக்குப் போவார்கள். அங்கே ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவர் கூட்டிவரும் பிள்ளைகள் வருவார்கள். தொலைவில், ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் மட்டும் தகுதி பெறும் சிறிய பள்ளிக்கு யாரும் போவதில்லை. அங்கிருக்கும் அந்த இரண்டு மூன்று பேர் எவருடைய பட்டியலிலும் வருவதில்லை. பொருளியலாளர்கள் கரோலின் ஹாக்ஸ்பியும் கிறிஸ்டோபர் ஏவரியும் 2012-இல் நாடு முழுவதற்குமான தரவைக் கொண்டு இதைத்தான் காட்டியிருந்தார்கள். மதிப்பெண்ணில் உச்சத்தில் இருக்கும் ஏழைப் பிள்ளைகளில் பெரும்பாலோர், கடினமான நுழைவு கொண்ட கல்லூரி ஒன்றுக்குக்கூட விண்ணப்பிப்பதில்லை. அவர்கள் ஒரே இடத்தில் குவிந்தும் இல்லை. ஒரு பள்ளியில் ஒருவர், இன்னொரு பள்ளியில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறார்கள்.

மிச்சிகனுக்கு இரண்டு வசதிகள் இருந்தன. 2007 முதல் அம்மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் கல்லூரி நுழைவுக்கான தேர்வைப் பள்ளியிலேயே கட்டணமின்றி எழுதுகிறார்கள். முதலில் ஏ.சி.டி., 2016 முதல் எஸ்.ஏ.டி. கல்லூரிக்குப் போகும் எண்ணமே இல்லாதவரின் மதிப்பெண்ணும் மாநிலத்தின் கையில் இருக்கும். இரண்டாவது, மதிய உணவு. அப்போது குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 185 விழுக்காட்டுக்குள் இருந்தால் பள்ளியில் உணவு இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைத்தது. யாருக்குக் கிடைக்கிறது என்ற பதிவும் மாநிலத்திடம் இருந்தது. இரண்டு பட்டியல்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் தேடியவர்கள் பெயரோடு வெளியே வந்துவிடுகிறார்கள். ஒருவரும் தன் வறுமையை எழுதி நிரூபிக்க வேண்டியதில்லை. சோற்றுக்காக எழுதிய பட்டியல் சேர்க்கை அலுவலகத்துக்கு இவ்வளவு பயன்படும் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

பொருளியலாளர் சூசன் டைனார்ஸ்கி தலைமையில் கேத்தரின் மிச்சல்மோர், ஸ்டெஃபனி ஓவன், சி. ஜே. லிபாசி ஆகியோர் இதை ஒரு சோதனையாகவே வடிவமைத்தார்கள். பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பள்ளிகளில் தகுதியுள்ள எல்லோருக்கும் உறை. மறுபாதியில் விண்ணப்பக் கடைசித் தேதிகள் அச்சிட்ட அஞ்சலட்டை. மாணவர்களைக் குலுக்காமல் பள்ளிகளைக் குலுக்கியதற்குக் காரணம் எளிது. ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் உறை வந்தால் அது மாலைக்குள் மற்றவருக்கும் தெரிந்துவிடும். ஒப்பிட ஆள் இருக்காது. இரண்டு ஆண்டு மாணவர்களைச் சேர்த்துச் சோதனையில் இருந்தவர்கள் ஏறத்தாழ நான்காயிரம் பேர்.

உறை மாணவருக்கு மட்டும் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெற்றோருக்குத் தனிக் கடிதம் போனது; உங்கள் பள்ளியில் இன்னாருக்கு இந்த வாய்ப்பு வந்திருக்கிறது என்று தலைமையாசிரியருக்கும் தெரிவித்தார்கள். பதினேழு வயதில் ஒருவர் தனியாக இந்த முடிவை எடுப்பதில்லை. அம்மா ஒரு பக்கம் கணக்குப் போடுவார். ஆசிரியர் ஒரு பக்கம் யோசனை சொல்வார். மூவரிடமும் ஒரே செய்தி ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தால் வீட்டில் நடக்கும் பேச்சே வேறாகிவிடும்.

விளைவு

அஞ்சலட்டை மட்டும் பெற்ற பள்ளிகளில், தகுதியுள்ள ஏழைப் பிள்ளைகளில் 26 விழுக்காட்டினர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார்கள். உறை பெற்ற பள்ளிகளில் 68 விழுக்காடு. அங்கே சேர்ந்தவர்களின் விகிதமும் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து 27 விழுக்காட்டைத் தொட்டது. கல்வி தொடர்பான தகவல் சோதனைகளில் இரண்டு மூன்று விழுக்காடு ஏற்றம் வந்தாலே வெற்றி என்று எழுதுவார்கள். இந்த அளவு மாற்றத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ கால் பங்கினர், உறை வந்திருக்காவிட்டால் எந்தக் கல்லூரிக்கும் போயிருக்க மாட்டார்கள். மற்றவர்கள் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளுக்கோ, எளிதில் இடம் கிடைக்கும் வேறு கல்லூரிகளுக்கோ போயிருப்பார்கள். மதிப்பெண் இருந்தும் தகுதிக்குக் கீழே போய் அமர்ந்திருக்கக்கூடியவர்கள். சேர்ந்தவர்கள் முதல் ஆண்டிலேயே திணறி வெளியேறிவிடுவார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். அடுத்த ஆண்டிலும் அந்த இடைவெளி அப்படியே நின்றது. முடிவுகள் 2018 டிசம்பரில் முன்வரைவாக வந்தன. 2021-இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியாயின.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மாணவருக்குப் பல்கலைக்கழகம் செய்யும் செலவு இதனால் பெரிதாகக் கூடவில்லை. எப்படியும் கிடைத்திருக்கும் தொகையை முன்கூட்டியே சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால் அப்படிப்பட்ட மாணவர்களின் எண்ணிக்கை கூடியது, அதனால் மொத்தச் செலவும் கூடியது. செலவே இல்லாத வெற்றி என்று இதைச் சிலர் பாராட்டுவது சரியல்ல. உறைக்குள் வைத்த வாக்கைக் காப்பாற்றப் பின்னால் ஒரு கருவூலம் வேண்டும்.

உறையில் எது வேலை செய்தது?

இந்தக் கேள்விதான் என்னை இந்த நிகழ்வோடு கட்டிப் போட்டிருக்கிறது. எடுப்பான உறையா, தலைவரின் கடிதமா, பெற்றோரிடம் பேசியதா, பணமா? ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்த மருந்தில் எந்த மூலிகை குணமாக்கியது என்று நோயாளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் நடந்த வேறு சோதனைகள் இதைப் பிரித்துப் பார்க்க உதவுகின்றன.

முதலில் தகவல். ஹாக்ஸ்பியும் சாரா டர்னரும் 2013-இல் வெளியிட்ட சோதனையில், நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரிகள், உண்மையான செலவு, விண்ணப்பிக்கும் முறை ஆகியவற்றைத் தெளிவாக விளக்கும் தொகுப்பை அனுப்பினார்கள். ஒருவருக்கு ஆன செலவு சுமார் 6 டாலர். ஓரளவு பலன் இருந்தது. அதைப் பார்த்து, எஸ்.ஏ.டி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு நிறுவனம் அதே வழியில் சுமார் 7,85,000 மாணவர்களுக்குத் தகவல் அனுப்பியது. யார் எங்கே சேர்ந்தார்கள் என்பதில் மாற்றமே இல்லை. நிதியுதவிப் படிவத்தை நிரப்பச் சொல்லி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பிய இன்னொரு பெரிய சோதனையும் இதே பதிலைத் தந்தது: பலன் இல்லை. தகவல் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் உங்களுக்கு உதவி கிடைக்கலாம் என்று எழுதிய தாள், எத்தனை அழகாக அச்சிட்டாலும், கிடைக்காமலும் போகலாம் என்றுதான் ஒரு ஏழைத் தாயின் காதில் விழும்.

அடுத்து, எல்லாவற்றையும் விடக் கூர்மையான சாட்சி. டைனார்ஸ்கி குழுவினர் இரண்டாவது சோதனை ஒன்றை நடத்தி 2022-இல் வெளியிட்டார்கள். இம்முறை இரண்டு வகை வாக்குகளை ஒப்பிட்டார்கள். ஒன்று, ஹெயில் போலவே நிபந்தனையற்ற கட்டண விலக்கு. மற்றொன்று, உங்கள் வருமானம் குறைவு என்று படிவத்தில் காட்டினால் கட்டண விலக்கு. இரு பிரிவிலும் இருந்தவர்கள் ஒரே தகுதியுள்ள ஏழைப் பிள்ளைகள். இரண்டாவது வகையில் காட்ட வேண்டியதைக் காட்டியிருந்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முடிவும் ஒன்றாகவே இருந்திருக்கும். நிபந்தனையற்ற வாக்கு விண்ணப்பத்தையும் சேர்க்கையையும் கணிசமாக உயர்த்தியது. நிபந்தனையோடு வந்த வாக்கு விண்ணப்பத்தைக் கொஞ்சம் உயர்த்தியது. சேர்க்கையில் ஒரு மாற்றமும் இல்லை.

நிரூபித்தால் என்ற ஒரு சொல் உள்ளே வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. வசதியுள்ள வீட்டில் படிவம் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வேலை. மாதா மாதம் வேலை நேரம் மாறும் வீட்டில், பெற்றோர் பிரிந்து வாழும் வீட்டில், வரிக் கணக்கே தாக்கல் செய்யாத வீட்டில் அது வேறு விஷயம். தவறாக எழுதிவிட்டால்? அப்பாவின் கையொப்பம் கிடைக்காவிட்டால்? கடைசியில் இல்லை என்று சொல்லிவிட்டால்? பணக்காரர் ஒருவர் தோற்றால் ஒரு விண்ணப்பம் வீண். ஏழை ஒருவர் நம்பி, வேறு வழிகளை விட்டுவிட்டுத் தோற்றால் ஓர் ஆண்டே வீண். எனவே அவர் எச்சரிக்கையாக இருக்கிறார். இதைத் துணிச்சல் போதாமை என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

வளாகச் சுற்றுலாக்களை நான் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன் என்று தோன்றுகிறது. அவற்றுக்கும் சாட்சி உண்டு. ஆர்கன்சா பல்கலைக்கழகம் எட்டாம் வகுப்பு மாணவர்களை ஓர் ஆண்டில் மூன்று முறை வளாகத்துக்கு அழைத்துவந்தது. அதையும் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். வந்துபோன பிள்ளைகள் கல்லூரியைப் பற்றிப் பள்ளி ஆசிரியர்களிடம் கூடுதலாகப் பேசினார்கள். பிறகு மேல்நிலைப் பாடங்களையும் கூடுதலாக எடுத்தார்கள். பதின்மூன்று வயதில் அது சரியான வேலை. எந்தப் பாடம் எடுப்பது என்ற முடிவு அங்கேதான் இருக்கிறது. பதினேழு வயதில், பாடங்களை முடித்து மதிப்பெண்ணையும் கையில் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு நூலகத்தைச் சுற்றிக் காட்டுவது பசித்தவருக்குச் சமையலறையின் கட்டட வரைபடத்தைக் காட்டுவதைப் போன்றது.

உறை போய்ச் சேராத வீடுகள்

ஹெயில் தேடியது மதிப்பெண் உள்ள ஏழைகளை. பதினொன்றாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே பின்தங்கிவிட்ட பிள்ளைகளுக்கு அந்த உறை வரவில்லை; அவர்கள்தான் பெரும்பான்மை. நல்ல கணித ஆசிரியர் கிடைக்காத பள்ளி, அடிக்கடி மாறும் வீடு, வேலைக்குப் போய்விட்டு வகுப்பில் தூங்கும் பிள்ளை, இவற்றையெல்லாம் செப்டம்பரில் வரும் ஒரு கடிதம் திருத்தாது. அதை இந்த ஆய்வாளர்கள் மறைக்கவும் இல்லை.

உறை பெற்றவர்களிலும் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர் விண்ணப்பிக்கவே இல்லை. இந்த எண்ணைப் பற்றி அதிகம் பேசுவோர் இல்லை. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. கட்டணம் இல்லை என்றாலும் உணவும் தங்குமிடமும் உண்டு. அதற்கு உதவி பெற மறுபடியும் அதே படிவம்தான். ஹெயில் மாணவர்களையும் அதை நிரப்பும்படி கேட்டுக்கொண்டார்கள், கட்டாயப்படுத்தவில்லை. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புள்ளவருக்கு ஆன் ஆர்பர் வெகு தொலைவு. பக்கத்துக் கல்லூரியே போதும் என்று யோசித்துத் தீர்மானித்தவர்களும் இருப்பார்கள். அதையெல்லாம் தவறு என்று சொல்ல நாம் யார்?

பல்கலைக்கழகம் அடுத்து எடுத்த அடியும் பார்க்கத்தக்கது. 2017-இல் கோ ப்ளூ உத்தரவாதம் என்ற திட்டத்தை அறிவித்தார்கள். ஆண்டு வருமானம் 65,000 டாலருக்குள்ளும் சொத்து 50,000 டாலருக்குள்ளும் இருக்கும் மிச்சிகன் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆன் ஆர்பர் வளாகத்தில் கட்டணம் இல்லை. 2018 ஜனவரி முதல் நடைமுறை. குலுக்கல் கிடையாது, யாரும் விடுபடவில்லை. 2021-இல் ஃபிளின்ட், டியர்பார்ன் வளாகங்களுக்கும் விரித்தார்கள். வருமான வரம்பு பிறகு 75,000 ஆனது. 2025 இலையுதிர் காலம் முதல் 1,25,000. ஒரு சோதனையில் தொடங்கியது ஊருக்கே பொதுவான விதியாக வளர்வது நல்ல காட்சி.

ஆனால் அந்த உத்தரவாதத்தைப் பெற வருமானத்தையும் சொத்தையும் படிவத்தில் காட்ட வேண்டும். அந்தப் படிவமும் சும்மா இருக்கவில்லை. கேள்விகளை வெகுவாகக் குறைத்து எளிதாக்கிய புதிய கூட்டரசுப் படிவம் 2023 டிசம்பர் கடைசியில், மூன்று மாதத் தாமதத்தோடு திறந்தது. தொழில்நுட்பக் கோளாறுகளால் 2024 வசந்தம் முழுவதும் தடுமாறியது. தகவல் கல்லூரிகளுக்குப் போய்ச் சேரவில்லை, உதவிக் கடிதங்கள் தள்ளிப்போயின, அந்த ஆண்டு படிவத்தை நிரப்பியவர்களின் எண்ணிக்கையே சரிந்தது. வசதியுள்ள வீடுகள் காத்திருந்தன. ஹெயில் உறை போன வீடுகளைப் போன்றவை, எவ்வளவு உதவி என்று தெரியாமலே முடிவெடுக்க வேண்டிய பழைய இடத்துக்கு ஒரு பருவம் முழுவதும் திரும்பிப் போயின.